இன்ஜினியரிங் படிச்சுட்டு கணக்கு எழுதவா போறே?

வருஷத்துக்கு மூணு, நாலு பேராவது என் ஆபீஸுக்கு இதுக்காகவே வருவாங்க. வருமான வரிக்காக இல்லை, ஜிஎஸ்டி நோட்டீஸுக்காகவும் இல்லை. "நல்லா போயிட்டிருந்த புள்ள திடீர்னு வேலையை விட்டுட்டு சிஏ படிக்கப் போறேன்னு நிக்குது, நீங்க கொஞ்சம் பேசி மாத்துங்க சார்" என்று கேட்பதற்காக. சிஏ படிக்க வேண்டாம்னு சொல்ல ஒரு சிஏவையே கூப்பிடறாங்க. அதில் இருக்கற வேடிக்கை அவங்களுக்குத் தோணறதில்லை. நானும் சிரிக்கறதில்லை. அந்த முகத்தில் இருக்கற பயம் நிஜமானது.

பிளஸ் டூ முடிச்ச பிள்ளை சிஏன்னு சொன்னா வீட்டில் யாரும் அதிர்ச்சி ஆகறதில்லை. ஆனா 25, 26 வயசுல, இன்ஜினியரிங் டிகிரி, கேம்பஸ் வேலை, மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் எல்லாம் அமைஞ்ச பிறகு சொன்னா? பெத்தவங்க கணக்குப்படி அந்தப் பிள்ளை கரை ஏறியாச்சு. ஏறின பிள்ளை மறுபடி தண்ணியில இறங்கறேன்னு சொன்னா எந்த அப்பாவுக்கும் பகீர்னுதான் இருக்கும்.

சமீப வருஷங்களில் வந்தவர்களில் ஒருவரைப் பத்தி எழுதறேன். குடும்பத்தில் கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன், தொகைகளை ரவுண்டு பண்ணியிருக்கேன்.

அவர் கோவை கணபதியில் சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கார். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். என்னோட பழைய கிளையன்ட். ஒரே மகள், 26 வயசு, பிஇ எலெக்ட்ரானிக்ஸ், சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் நாலரை வருஷமா வேலை. கைக்கு 54,000 ரூபாய் வருது.

"நாலு வருஷம் காலேஜ் ஃபீஸ் கட்டுனனுங்க சார். ஏசி ஆபீஸ்ல உக்காந்து வேலை செய்யுது. இப்ப அதை உட்டுப்போட்டு கணக்கு எழுதப் போறேங்குது. நம்ம பட்டறைக்கு ஞாயித்துக்கிழமை ஒரு பெரியவர் வந்து டாலி போடறாரு பாருங்க, அவரு மாதிரி ஆகறதுக்கா இத்தனை செலவு பண்ணுனேன்?"

"என்னை மாதிரியும் ஆகலாமுல்லங்க?" என்றேன்.

"நீங்க ஆடிட்டருங்க சார். அது வேற" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

பாதி குழப்பம் இந்த ஒரு வரியில் இருக்கு. நம்ம ஊரில் பல அப்பாக்களுக்கு அக்கவுண்டன்ட் ஒரு ஜாதி, ஆடிட்டர் இன்னொரு ஜாதி. முதலாமவர் நோட்டைத் தூக்கிட்டு வர்றவர், இரண்டாமவர் கையெழுத்துப் போடறவர். முதல் ஆளுக்கு என்ன படிப்பு, இரண்டாவது ஆளுக்கு என்ன படிப்பு, ஒருத்தர் இன்னொருத்தர் ஆக முடியுமா, இதெல்லாம் அவங்க யோசிச்சதே இல்லை. அவர் தலைமுறையில் கணக்குன்னா கணக்குப்பிள்ளைதான். 1980 வரைக்கும் நம்ம கிராமங்களில் மணியக்காரர், கர்ணம்னு பரம்பரையா வந்த பதவிகள் இருந்தன. அந்த வருஷம்தான் அரசு அதை ஒழிச்சுது, அதுக்கு அப்புறம்தான் விஏஓ வந்தாங்க. அவர் சின்னப் பையனா இருந்தப்ப ஊர்க் கணக்கு எழுதினவர் எந்தப் பரீட்சையும் எழுதி வந்தவர் இல்லை, அவங்க அப்பா எழுதினதால எழுதினவர். அந்தப் படம் மனசுல அப்படியே நிக்குது.

சிஏங்கறது 1949-ல் பார்லிமென்ட் போட்ட ஒரு சட்டத்தின்படி நடக்கற தொழில். அந்த வருஷம் ஜூலை 1-ல் ஐசிஏஐ ஆரம்பிச்சதால்தான் இன்னிக்கும் நாங்க ஜூலை 1-ஐ சிஏ தினம்னு கொண்டாடறோம். அவர் மகளைப் பத்திப் பேசினதால இன்னொண்ணும் சொன்னேன். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கான பரீட்சையில் தேறிய முதல் பெண்மணி நம்ம சென்னைக்காரர், ஆர். சிவபோகம். ஐசிஏஐ வர்றதுக்கும் 16 வருஷம் முன்னாடி, 1933-ல், அப்போ இருந்த ஜிடிஏ டிப்ளமோவை முடிச்சவர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போயிட்டு வந்தவர். "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டார். பெருசா மனசு மாறின மாதிரி தெரியலை. வரலாறு சொல்லி எந்த அப்பாவும் மாறி நான் பார்த்ததில்லை.

அடுத்து எல்லாரும் கேட்கற கேள்வி வந்தது. "இனிமே எல்லாத்தையும் கம்ப்யூட்டரே போட்டுடுமாமே, ஏஐ வந்திருச்சாமே?"

இதுக்கு நான் பூசி மெழுகறதில்லை. என்ட்ரி போடற வேலை, பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒத்துப் பார்க்கற வேலை எல்லாம் வேகமா சாஃப்ட்வேர் கைக்குப் போயிட்டிருக்கு. என் ஆபீஸ்லயே போயிடுச்சு. என்ட்ரி போடத்தான் ஒருத்தர் இந்தத் துறைக்கு வர்றார்னா, வர வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா அந்த எண்களை வெச்சுக்கிட்டு ஒருத்தருக்கு என்ன பண்ணணும்னு சொல்ற வேலை, தப்பு இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்ற வேலை, அதெல்லாம் வேற. இதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்போதுதான் அவர் ஃபைலில் இருந்த ஒரு கடிதம் ஞாபகம் வந்தது.

கொஞ்சம் முன்கதை சொல்லணும். அவருக்கு ஒரு பெரிய பார்ட்டி இருந்தார். ஜாப் ஒர்க் முடிச்சுக் கொடுத்தா அஞ்சு, ஆறு மாசம் கழிச்சுத்தான் பணம் வரும். கேட்டா அடுத்த ஆர்டர் வராதோன்னு இவர் கேட்கவே மாட்டார். 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) என்று ஒரு பிரிவு சேர்த்தாங்க. மைக்ரோ, ஸ்மால் நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாளிலும், இருந்தா அதிகபட்சம் 45 நாளிலும் தரணும். கெடு தாண்டி, மார்ச் 31 வரைக்கும் தராமல் வெச்சிருந்தா, அந்த வருஷம் அதைச் செலவாகக் காட்ட முடியாது, எப்போ தர்றாங்களோ அந்த வருஷம்தான் காட்டலாம். அதாவது வாங்கறவங்களுக்கு வரி ஏறும்.

2024 ஏப்ரலில் இவர் என்கிட்ட வந்து சந்தோஷமா சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு: "கவர்ன்மென்ட் ஏதோ நல்ல சட்டம் போட்டிருக்குதுங்க சார். அந்த பார்ட்டி மார்ச் கடைசியில தானா கூப்பிட்டு பழைய பாக்கி பூரா போட்டுட்டாரு!"

தானா எல்லாம் கூப்பிடலை. அந்த ஜனவரியிலேயே அவர் மகள் உத்யம் சர்டிபிகேட்டைத் தேடி எடுத்து, பில்லில் அந்த நம்பரை அச்சடிக்க வெச்சு, பாக்கி பில்களோட தேதிவாரிப் பட்டியல் போட்டு, அந்த கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு மரியாதையா ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு மெயில் போட்டு, "சார், பிரிவு எண் சரியான்னு மட்டும் பாருங்க" என்று கேட்டாள். நான் ஒரு கமா கூட மாத்தலை. அப்பா கையெழுத்து வாங்கும்போது "பாக்கி லிஸ்ட்ப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவரும் படிக்காமலே போட்டிருக்கார்.

அந்தக் கடிதத்தை எடுத்து அவர் முன்னாடி வெச்சேன். ரெண்டு தடவை படிச்சார். இங்கிலீஷ் கடிதம்தான், ஆனா அவருக்குத் தன் பில் நம்பர்கள் தெரியும்.

"இதுங்களா கணக்கு?" என்றார்.

"இதுவும் கணக்குதாங்க."

நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். இல்லை. கடிதத்தை மடிச்சுக் கொடுத்துட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொண்ணு சொன்னார். வீட்டுக்கு மாடி எடுத்த லோன், அப்பா மகள் ரெண்டு பேர் பேரிலும் இருக்கு. தவணை 22,000. ஒன்றரை வருஷமா அதை மகள்தான் கட்டறாள். "புள்ள சம்பளத்துல தவணை ஓடுதுன்னு ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாதுங்க சார்."

இதுதான் மேட்டர். "கணக்கு எழுதவா போறே" என்பது வாயில் வந்த கேள்வி. "அந்த 22,000-க்கு நான் எங்கே போவேன்" என்பது வராத கேள்வி. மகளுக்கு அது கேட்கலை. அப்பா நம்ம படிப்பைக் கேவலமா நினைக்கறார்னு அவள் கோவப்பட்டு ரெண்டு வாரமா பேசாமல் இருந்திருக்கிறாள்.

உங்க வீட்டில் இந்தப் பேச்சு நடந்தா, சிஏவோட பெருமையை எல்லாம் அப்புறம் பேசுங்க. முதலில் ஒரு பேப்பரை எடுங்க.

வேலையை எப்போ விடணும்?

அடுத்த சனிக்கிழமை அப்பா, மகள் ரெண்டு பேரையும் உட்கார வெச்சேன். அவள் அடுத்த மாசமே பேப்பர் போடறதா இருந்தாள். "ஏன் அடுத்த மாசம்?" என்று கேட்டேன். "முழு நேரமா படிச்சாதானே சார் பாஸ் ஆக முடியும்?" என்றாள்.

படிப்பு எப்படிப் போகும்னு பாருங்க. டிகிரி முடிச்சவங்க ஃபவுண்டேஷன் எழுத வேண்டியதில்லை. காமர்ஸ் டிகிரின்னா 55 சதவீதம், மற்ற டிகிரின்னா 60 சதவீதம் இருந்தா நேரடியா இன்டர்மீடியட்டில் பதிவு பண்ணலாம். பதிவு பண்ணி 8 மாசம் படிச்ச பிறகு பரீட்சை. ரெண்டு குரூப், குரூப்புக்கு மூணு பேப்பர். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேணும். 2023-ல் வந்த புது ஸ்கீம்படி ரெண்டு குரூப்பும் முடிச்ச பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப். அது முன்னாடி 3 வருஷம், இப்போ 2 வருஷம். அது முடிஞ்சு 6 மாசம் படிப்பு, அப்புறம் ஃபைனல்.

இன்டர் படிக்கும்போது நீங்க வேலை பார்க்கலாம், தடை ஏதும் இல்லை. ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த பிறகுதான் அனுமதி இல்லாமல் வேற வேலை பார்க்கக் கூடாது. அப்போ ஸ்டைபண்ட் வரும், ஆனா அது உங்க ஐடி சம்பளத்துக்குப் பக்கத்தில் கூட வராது.

அப்போ சம்பளம் நிற்க வேண்டிய நாள், இன்டர் ரெண்டு குரூப்பும் பாஸ் ஆன ரிசல்ட் வந்த பிறகுதான். முழு நேரமா படிச்சா பாஸ் ஆகற வாய்ப்பு கூடும், மறுக்கலை. ஆனா ஃபைனல் ரெண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினவங்களில் 2024 மே மாசம் பாஸ் ஆனது 19.88 சதவீதம், அந்த நவம்பரில் 13.44 சதவீதம். நூத்துக்கு எண்பது பேருக்கு மேல ஏதோ ஒரு அட்டெம்ப்ட்டில் வீட்டுக்கு வந்து "போச்சு"ன்னு சொல்றாங்க. அவங்க எல்லாம் முட்டாள்கள் இல்லை. பல நல்ல சிஏக்கள் அந்தப் பட்டியலில் இருந்து வந்தவங்கதான். இந்த வழியில் இறங்கறவங்க தோல்வியையும் பட்ஜெட்டில் ஒரு செலவா போட்டு வெச்சுக்கணும்.

பேப்பரில் எழுதினது

அவளோட தனிச் செலவு மாசம் 9,000. தவணை 22,000. ஆக 31,000. ஆர்ட்டிகிள்ஷிப் 24 மாசம், படிப்பு 6 மாசம், ரிசல்ட் வர 2 மாசம்னு 32 மாசம் வெச்சுக்கிட்டோம். 32-ஐ 31,000-ஆல் பெருக்கினா 9,92,000 ரூபாய்.

அந்த எண்ணைப் பார்த்ததும் மகள் முகம் மாறினது. அப்பா அமைதியா இருந்தார், ஏன்னா அவர் மனசுக்குள்ள இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு வெச்சிருந்தார்.

அப்புறம் அவர் பக்கம் திரும்பினேன். பட்டறையில் இருந்து மாசம் எவ்வளவு முடியும்? ரொம்ப நேரம் யோசிச்சு, "எட்டாயிரம் கட்டிருவனுங்க" என்றார். 32 மாசத்துக்கு 2,56,000. மீதி 7,36,000.

அவள் கையில் எஃப்டியும் மியூச்சுவல் ஃபண்டுமா 3,40,000 இருந்தது. இன்டர் முடிக்க 14 மாசம் ஆகும்னு வெச்சா, அந்தக் காலத்தில் தவணையும் செலவும் போக மாசம் 20,000 சேமிக்கலாம், 3,000 புத்தகத்துக்கும் கிளாஸுக்கும். சேமிப்பு 2,80,000.

அடுத்தது கிராஜுவிட்டி. இதைப் பல பேர் மறந்துடறாங்க. அவள் அப்போ 4 வருஷம் 5 மாசம் முடிச்சிருந்தாள். அடுத்த மாசமே விட்டிருந்தா ஒரு பைசா வராது. 5 வருஷம் முடிஞ்சாத்தான் கிராஜுவிட்டி. 4 வருஷம் 240 நாள் போதும்னு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு உண்டு, ஆனா எல்லா கம்பெனி ஹெச்ஆரும் அதை ஒத்துக்கறதில்லை, அதை நம்பி தேதி குறிக்காதீங்க. 14 மாசம் கழிச்சு விட்டா 5 வருஷம் 7 மாசம் ஆகும். ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருஷமா எடுத்துக்குவாங்க, அதனால 6 வருஷம். பேஸிக் 28,000, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 6-ஆல் பெருக்கினா ஏறக்குறைய 97,000.

கூட்டினா 7,17,000. தேவை 7,36,000. 19,000 குறையுது. ஸ்டைபண்டில் இருந்து அது வந்துடும், மிச்ச ஸ்டைபண்ட் அவசரத்துக்கு.

ஒரு அட்டெம்ப்ட் தோத்தா என்ன ஆகும்னும் போட்டோம். இப்போ ஃபைனலும் வருஷத்துக்கு மூணு தடவை நடக்குது, அதனால ஒரு அட்டெம்ப்ட்னா நாலு மாசம். அப்பா கொடுக்கற 8,000 போக மாசம் 23,000, நாலு மாசத்துக்கு 92,000. ஃபைனலில் ஒரு தடவை கவிழ்ந்தா அதோட விலை 92,000 ரூபாய். இதைப் பேப்பரில் எழுதி, கீழே அடிக்கோடு போடச் சொன்னேன்.

"ரெண்டு தடவை கவுந்தா?" என்றார் அப்பா.

"ரெண்டாவது தடவைக்கு அப்புறம் நான் ஆர்ட்டிகிள் முடிச்சவளா ஒரு வேலைக்குப் போய்க்கிட்டே எழுதுவேன்ப்பா" என்றாள். இது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. சரியான பதில். இன்டர் பாஸ், ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சவங்களுக்கு கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ், டாக்ஸ் டீம்களில் வேலை கிடைக்குது, சம்பளம் சிஏ அளவுக்கு இருக்காதுன்னாலும்.

பெத்தவங்க மெடிக்கல் கவர்

இது பணத்தை விட முக்கியம்னு நான் நினைக்கறேன், ஆனா யாரும் கேட்கறதில்லை. அவள் கம்பெனியோட குரூப் பாலிசியில் அப்பா, அம்மா ரெண்டு பேரும் இருந்தாங்க. அப்பாவுக்கு 59 வயசு, எட்டு வருஷமா சர்க்கரை. வேற எந்த பாலிசியும் கிடையாது. மகள் பேப்பர் போட்டா அந்த கவரும் கூடவே போயிடும்னு அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோணலை.

ஏற்கெனவே இருக்கற வியாதிக்கு, தனியா எடுக்கற பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-ல் வந்த விதிப்படி அது அதிகபட்சம் 36 மாசம். வேலையை விட்ட பிறகு பாலிசி எடுத்தா, சர்க்கரை சம்பந்தப்பட்ட எதுக்கும் மூணு வருஷம் வரைக்கும் கையில் இருந்துதான் செலவு. அதுவும் சம்பளம் இல்லாத மூணு வருஷம்! இப்பவே எடுத்தா, குரூப் கவர் இருக்கும்போதே அந்த 36 மாசத்தில் 14 மாசம் ஓடிடும். அதனால முதல் வேலையா அதைச் செய்யச் சொன்னேன், பிரீமியம் பட்டறைக் கணக்கில். சர்க்கரையை ஃபார்மில் மறைக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொன்னேன், ஏன்னா ஏஜென்ட் யாராவது "எழுத வேண்டாம் விடுங்க"ன்னு சொல்வாங்க, கிளெய்ம் வரும்போது அந்த ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். இன்னொரு வழியும் இருக்கு. குரூப் பாலிசியில் இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறலாம், ஏற்கெனவே முடிஞ்ச காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். அதை வேலையில் இருக்கும்போதே ஹெச்ஆரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கணும்.

பிஎஃப் பத்தி ஒரு வார்த்தை. அதைத் தொடாதேன்னு சொன்னேன், அந்த 7,17,000-லயும் சேர்க்கலை. வேலையை விட்டாலும் வட்டி சேர்ந்துக்கிட்டுத்தான் இருக்கும். வேலையை விட்ட பிறகு சேர்ற வட்டிக்கு மட்டும் வரி உண்டு, அவ்வளவுதான்.

கடைசியா அம்மாவோட கேள்வியை அப்பா தூக்கிட்டு வந்திருந்தார். "எல்லாம் முடியறப்ப முப்பது ஆயிருமுங்களே. கல்யாணம்?" அதுக்கு என்கிட்ட ஷீட் இல்லை. "அதை நீங்க ரெண்டு பேரும்தான் பேசணும், நான் வெளியே போறேன்" என்று சொல்லி டீ சொல்லிவிட எழுந்து போயிட்டேன். என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்கலை.

அதுக்கப்புறம் நடந்தது: முதல் குரூப் முதல் தடவையே பாஸ். ரெண்டாவது குரூப்பில் ஆடிட்டிங் பேப்பரில் 38 வாங்கினாள். 40 வேணும். ரெண்டு மார்க். ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணி அழுதாள். அழுது முடிச்ச பிறகு ஒண்ணு சொன்னேன்: இந்தத் தோல்விக்கு உனக்கு 92,000 செலவு ஆகலை. நாலு மாசம் கூடுதலா சம்பளம் வந்திருக்கு, மாசம் 20,000 வீதம் 80,000 கூடுதலா சேமிப்பில் நிக்கும். அடுத்த மாசமே வேலையை விட்டிருந்தா, அதே ரெண்டு மார்க்குக்கு வீட்டில் தவணை நின்னிருக்கும். அடுத்த முறை ஆடிட்டிங்கில் 57.

இப்போ ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறாள், என் ஆபீஸில் இல்லை. அவர் கேட்டார், நான் மாட்டேன்னு சொன்னேன். என்னுடையது சின்ன ஆபீஸ், பெரும்பாலும் டாக்ஸும் ஜிஎஸ்டியும்தான். கம்பெனி ஆடிட், பேங்க் ஆடிட் எல்லாம் கலந்து வர்ற நடுத்தர அளவு ஃபர்மில் அவள் சேர்றதுதான் நல்லது. ஆர்ட்டிகிள்ஷிப் தேடறவங்க ஸ்டைபண்டில் ஆயிரம், ரெண்டாயிரம் வித்தியாசத்தைப் பார்க்காதீங்க. அந்த ஃபர்மில் இப்போ இருக்கற பசங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: போன வருஷம் என்னென்ன வேலைக்கு அனுப்பினாங்க? பரீட்சைக்கு முன்னாடி எத்தனை நாள் லீவு கொடுத்தாங்க?

உங்க பேப்பரில் கடைசி வரி பெரிய மைனஸில் நின்னா? கடன் அதிகம், வீட்டில் வேற வருமானம் இல்லை, 32 மாசம் தாங்காது? அப்போ சம்பளத்தை நிறுத்தாமல் படிக்கிற வழிகளைப் பாருங்க. ஏசிசிஏவில் 13 பேப்பர், வருஷத்துக்கு நாலு தடவை பரீட்சை, 36 மாச அனுபவத்தைப் பொருத்தமான வேலையில் இருந்துகிட்டே காட்டலாம். ஃபைனான்ஸ் டீம், எம்என்சி வேலைன்னா அது போதும். ஆனா இந்தியாவில் கம்பெனி ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடற உரிமை அதுக்குக் கிடையாது, சிஏவுக்குத்தான். சொந்தமா பிராக்டிஸ் பண்ணணும்னு ஆசை இருந்தா குறுக்கு வழி இல்லை. அப்போ 14 மாசத்தை 24 மாசமாக்குங்க, சேமிப்பைக் கூட்டுங்க.

இதெல்லாம் தொடங்கறதுக்கு முன்னாடி உங்க டிகிரி மார்க் ஷீட்டை எடுத்து அந்த 60 சதவீதம் இருக்கான்னு பார்த்துடுங்க. கோச்சிங் ஃபீஸ் கட்டின பிறகு அதைப் பார்த்தவங்களை எனக்குத் தெரியும். 60 இல்லைன்னா ஃபவுண்டேஷன் எழுதிட்டு வரலாம், நாலு பேப்பர்தான், அதையும் வேலையில் இருந்துகிட்டே எழுதலாம்.